கடற்கரைக் கரவன்: வாடகைக்கு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை, போய் இறங்கியதும் பார்க்க வேண்டியவை

இங்கே சொல்வது பிரிட்டனின் ஹொலிடே பார்க்குகளில் (விடுமுறைக்குத் தங்கும் வளாகங்களில்) நிற்கும் ஸ்டாட்டிக் கரவன் பற்றி. காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் வகை அல்ல. தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் எல்லாம் பொருத்தி, ஒரே இடத்தில் நிற்கும் சின்ன வீடு. ஸ்கெக்னெஸா, கிரேட் யார்மத்தா, வேல்ஸ் பக்கமா என்பது உங்கள் விருப்பம்.

படி 1: நாள்

பெரும்பாலான பார்க்குகளில் மூன்று வகைதான்: வெள்ளி முதல் திங்கள் வரை 3 இரவு, திங்கள் முதல் வெள்ளி வரை 4 இரவு, அல்லது முழு வாரம். இடையில் ஒரு புதன்கிழமை போய் இறங்க முடியாது.

பள்ளி நாளில் போனால் மலிவு என்பது உண்மை. ஆனால் அபராதத்தையும் கணக்கில் சேருங்கள். இங்கிலாந்தில் 10 பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாமல் 5 நாள் தவறினால், ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் குறைந்தது 320 பவுண்; மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். வேறு வழி இருக்கிறது: ஸ்கொட்லாந்தில் பள்ளிகள் ஆகஸ்ட் நடுப்பகுதியிலேயே திறந்துவிடும். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு அப்போது இன்னும் விடுமுறை. ஆகஸ்ட் கடைசியில் மலிவாகக் கிடைக்கிறதா என்று, ஸ்கொட்லாந்தின் ஏர் (Ayr) நகருக்குப் பக்கத்துக் கடற்கரையைத் தேடிப் பாருங்கள்.

படி 2: "6 பெர்த்" என்றால் என்ன?

முதல்முறை எடுப்பவர்கள் இடறி விழுவது இங்கேதான். 6 பெர்த் என்பது ஆறு பேருக்கு அறை இருக்கிறது என்ற பொருளில் அல்ல. வழக்கமாக இரண்டு படுக்கையறைதான். ஒன்றில் இரட்டைக் கட்டில். மற்றதில் சுமார் இரண்டடி அகலத்தில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள்; நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். மீதி இருவர் ஹோலில் சோபாவை இழுத்து விரித்துப் படுக்க வேண்டும். மற்றவர்கள் டிவியை நிறுத்தும்வரை அவர்களுக்கு நித்திரை கிடையாது. காலையில் முதலில் தேத்தண்ணி போட எழும்புகிறவர் அவர்களைக் கடந்துதான் குசினிக்குப் போக வேண்டும்.

ஆகவே ஐந்து பேர் என்றாலே மூன்று அறை உள்ள 8 பெர்த் எடுங்கள். அம்மம்மா, அப்பப்பா வருவதாக இருந்தால் இரட்டைக் கட்டில் அறை அவர்களுக்கு. வாசற்படி எத்தனை, கைப்பிடி இருக்கிறதா, சரிவுப் பாதை உள்ள கரவன் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கரவன் நிலத்திலிருந்து உயர்ந்து நிற்கும். படி செங்குத்தாக இருக்கும்.

கைக்குழந்தையையும் தலைக்கணக்கில் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மடக்குத் தொட்டில் சுமார் ஒரு மீட்டர் நீளம், 70 சென்ரிமீட்டர் அகலம். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த இடம் இல்லாவிட்டால் தொட்டிலும் ஹோலுக்குத்தான் வரும்.

படி 3: யாரிடம் எடுப்பது?

பார்க்கிடமே எடுக்கலாம், அங்கே சொந்தமாகக் கரவன் வைத்திருப்பவரிடமும் எடுக்கலாம். சொந்தக்காரர் சொல்லும் விலை குறைவாகத் தெரியும். ஆனால் நீச்சல்குளம், பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் பாஸ் வேண்டும். அது பெரும்பாலும் அந்த விலையில் அடங்காது. பாஸ், படுக்கை விரிப்பு, துப்புரவுக் கட்டணம், நாய்க்கான கட்டணம் எல்லாம் கூட்டி வரும் கடைசித் தொகைகளை ஒப்பிடுங்கள்.

என் பரிந்துரை: முதல்முறை பார்க்கிடமே, கிரெடிட் கார்டில். 100 பவுணுக்கு மேல், 30,000 வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ கார்ட் கம்பெனியும் பொறுப்பு. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. சமூக வலைத்தளத்தில் படம் போட்டு, "இன்றைக்கே வங்கியில் போடுங்கள், வேறு ஆள் கேட்கிறார்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் எடுக்கவே வேண்டாம். நல்ல சொந்தக்காரரிடம் கரவனின் இலக்கம், காப்புறுதி, அந்த வருடத்துக் காஸ் பாதுகாப்புச் சான்றிதழ் மூன்றும் இருக்கும். வாடகைக்கு விடுகிறவர் வருடத்துக்கு ஒருமுறை, காஸ் சேஃப் (Gas Safe, காஸ் வேலை செய்வோருக்கான பதிவேடு) பதிவுள்ளவரைக் கொண்டு பரிசோதித்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

படி 4: சாமான்

டூவே என்னும் தடித்த போர்வை, தலையணை பெரும்பாலும் இருக்கும். துவாய் பெரும்பாலும் இருக்காது. பெரிய சட்டிகளை விட்டுவிட்டு நடுத்தரமாக இரண்டு கொண்டுபோங்கள். அடுப்பு சிறியது, இரண்டு பெரிய சட்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்காது.

படி 5: முதல் அரைமணி நேரம், காஸ்

பெட்டியைத் திறக்கும் முன் சோபா, மெத்தை, ஷவர், அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு, கரவனைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். பல பார்க்குகளில் வெளியே சிவப்பு நிறச் சிலிண்டர் ஒன்றோ இரண்டோ நிற்கும். அது புரொப்பேன், பெரியது 47 கிலோ. மூடும் வால்வு எது என்று வீட்டில் இரண்டு பெரியவர்களாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து சுடுதண்ணி. "வரவில்லை" என்று ரிசப்ஷனுக்கு ஓடும் முன் பைப்பை முழுதாகத் திறந்து பாருங்கள். பழைய கரவன்களில் தண்ணீர் ஓடும்போது மட்டும் பற்றும் ஹீட்டர்தான். ஓட்டம் போதாவிட்டால் அது பற்றாது. ஷவரில் சூடு அதிகம் என்று பச்சைத் தண்ணியைக் கூட்டினால் ஹீட்டர் வழியாகப் போகும் ஓட்டம் குறையும், நெருப்பு அணையும், தலையில் சோப்போடு ஐஸ் தண்ணி. பச்சைத் தண்ணியைக் கூட்டுவதற்குப் பதிலாக ஹீட்டரின் குமிழில் சூட்டைக் குறையுங்கள். முழுதாகத் திறந்தும் வரவில்லையா? காஸ் அடுப்பைப் பற்ற வையுங்கள். அது எரிந்தால் காஸ் இருக்கிறது, கோளாறு ஹீட்டரில். எரியாவிட்டால் சிலிண்டர் முடிந்திருக்கலாம். இரண்டுக்கும் ரிசப்ஷன்தான், நீங்கள் ஸ்பானர் எடுக்க வேண்டாம்.

தரையிலும் கதவடியிலும் சின்னக் காற்றுத் துவாரங்கள் இருக்கும். இரவில் குளிர் காற்று வருகிறதென்று அதில் துவாயைத் திணிப்பவர்கள் உண்டு. செய்யவே கூடாது. இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும், அது வெளியேற இருக்கும் வழி அதுதான். மணம் வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் கதவைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றி, சிலிண்டரை மூடுங்கள்.

கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் மாற்றித் தரும்வரை அங்கே படுக்க வேண்டாம். அந்த வாயுவுக்கு மணமே இல்லை.

புகை அலாரம் வேறு. செத்தல் மிளகாய் தாளித்தால் அது கத்தும். பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுகிறார்கள், பிறகு அவிழ்க்க மறக்கிறார்கள். அதைவிட அறைக் கதவுகளைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டுத் தாளியுங்கள். பொரியல் எல்லாம் வீட்டிலேயே முடித்துக் கொண்டுபோவது உத்தமம். மணம் திரைச்சீலையில் ஏறினால் துப்புரவுக் கட்டணம் கேட்பார்கள்.

பிறகு சேர்த்தது: ஏப்ரலிலோ ஒக்டோபரிலோ போகிறவர்கள் "ஹீட்டிங் இருக்கிறதா" என்று கேட்டால் போதாது. "படுக்கையறையில் இருக்கிறதா" என்று கேளுங்கள். பழைய கரவனில் ஹோலில் மட்டும் ஒரு காஸ் ஹீட்டர் இருக்கும்.

படி 6: கடல்

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு இடையில்தான் குளிக்க வேண்டும். சிவப்புக் கொடி மட்டும் என்றால் இறங்கவே கூடாது. காற்றின் திசை காட்டும் செம்மஞ்சள் துணிக்குழாய் (windsock) பறந்தால் காற்றடைத்த மெத்தை, படகு எதையும் தண்ணீரில் போடாதீர்கள். காற்று கடலுக்குள் இழுத்துப் போய்விடும். தென்மேற்கு இங்கிலாந்தின் வெஸ்டன், பிரீன் பக்கம் வற்றும்போது கடல் வெகுதூரம் போகும், பின்னால் சேறு தெரியும். கடலைத் தேடி அந்தச் சேற்றில் நடக்க வேண்டாம், கால் புதையும். யாராவது மாட்டிக்கொண்டால் 999, கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள்.

வாசலில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். மணல் காலோடு ஷவருக்குள் போனால் குழாய் அடைத்துவிடும்.

படி 7: திரும்புதல்

பெரும்பாலும் காலை 10 மணிக்குள் சாவி கொடுக்க வேண்டும். முதல் நாள் எடுத்த அதே கோணங்களில், அதாவது சோபா, மெத்தை, ஷவர், அடுப்பு, மறுபடி படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டிய முற்பணம் (டெபொசிட்) கட்டியிருந்தால், அது கைக்கு வரும்வரை அழிக்காதீர்கள்.