துறைத்தலைவர் ஆகிவிட்டீர்களா? அலமாரிக்குப் போகாத திட்டம் ஒன்றைப் போடும் முறை

துறைத்தலைவராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் நான் எழுதிய ஐந்தாண்டுத் திட்டம் 42 பக்கம். அதில் 23 இலக்குகள். புலமுதல்வர் (டீன்) கையெழுத்துப் போட்டார், பிரதி அலமாரிக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்துத் தர மதிப்பீட்டுக்காக அதைத் திரும்ப எடுத்தபோது 4 இலக்குகளில்தான் வேலையே தொடங்கியிருந்தது. என் சகாக்கள் வாரம் முழுக்க உழைப்பவர்கள். அவர்கள்மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. கோளாறு திட்டத்தில்தான் இருந்தது, அது எங்கே என்று பிடிபட எனக்கு ஓராண்டு ஆனது. இரண்டாவது முறை போட்ட திட்டம் 4 பக்கம். இப்போது மூன்றாவது ஆண்டாக நடக்கிறது. அதைப் போட்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொலைநோக்கு வாசகம், பணி வாசகம் எழுதுவது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே உங்கள் துறையில் ஒன்று இருக்கும். அது போதும், அதில் ஒரு நாளைக்கூடச் செலவழிக்காதீர்கள்.

படி 1: உங்கள் கையில் என்ன இருக்கிறது?

எழுத உட்காருமுன் புலமுதல்வரைப் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த முடிவுகளைத் துறையே எடுக்கலாம்? எவற்றுக்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும்? வரும் ஆண்டுகளில் நிறுவனம் எதற்குப் பணம் ஒதுக்கப் போகிறது?

புதிய பணியிடம், சம்பளம், கட்டடம் இவை பெரும்பாலும் துறைத்தலைவர் கையில் இல்லை. கால அட்டவணை, யார் எந்தப் பாடம் எடுப்பது, எந்த விருப்பப் பாடத்தை எந்தப் பருவத்தில் வைப்பது, துறைக்குள் எத்தனை குழுக்கள், கூட்டத்தில் எதைப் பேசுவது என்பவை பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றன. என் முதல் திட்டத்தில் பாதி இலக்குகள் ‘புதிதாக மூன்று ஆசிரியர்கள் கிடைத்தால்’ என்ற நிபந்தனையில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆசிரியர்கள் வரவில்லை, இலக்குகளும் அப்படியே நின்றுவிட்டன.

நிறுவனத்தின் பெருந்திட்டத்தையும் ஒருமுறை படித்து, உங்கள் துறைக்குப் பொருந்தும் இரண்டு மூன்று வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிதி கேட்கும்போது அந்த வரிகள்தான் கைகொடுக்கும்.

படி 2: ஒரே பக்கத்தில் துறை

தரவு சேகரிப்பதிலேயே ஒரு பருவம் ஓடிவிடக் கூடாது. ஒரு பக்கம் போதும். கடந்த ஐந்து ஆண்டுகளில் சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், அதிகம் பேர் தவறிய பாடங்கள், யார் எந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்கள், ஒரே ஓர் ஆசிரியர் மட்டுமே எடுக்கத் தெரிந்த பாடங்கள் எவை. கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வகப் பாடம் ஒன்றை எடுக்கத் தெரிந்த ஒரே ஆசிரியர் இரண்டு ஆண்டில் ஓய்வு பெறுகிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

சிறிய துறைகளில் சதவீதத்தை நம்பாதீர்கள். 20 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர் விலகினால் 10 சதவீதம். மறு ஆண்டு ஒருவர் விலகினால் 5. இதை வைத்து ‘இடைநிற்றல் பாதியாகக் குறைந்தது’ என்று எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் ஒன்றும் தெரிவிக்கவும் இல்லை. எண்ணிக்கையாகவே எழுதுங்கள். ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களைக் கடைசிவரை தொடர்ந்து பாருங்கள். மொத்தத் தலைகளை எண்ணினால் யார் எங்கே நழுவினார்கள் என்பது தெரியாது.

படி 3: முதலில் எழுதட்டும், அப்புறம் பேசலாம்

கூட்டத்தைக் கூட்டி ‘உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்’ என்றால் இரண்டு மூத்தவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஆண்ட்ரே டெல்பெக்கும் ஆண்ட்ரூ வான் டி வென்னும் 1971-இல் ஒரு குழு முறையை வெளியிட்டார்கள். எல்லோரும் முதலில் பத்து நிமிடம் பேசாமல் எழுத வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு யோசனையாக, வரிசையாகப் பலகையில் ஏற்ற வேண்டும். எல்லாம் ஏறிய பிறகுதான் விளக்கம் கேட்பதும் பேசுவதும். கடைசியில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். எங்கள் துறையில் பணியில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒருவர் எழுதிய யோசனை அதிக மதிப்பெண் வாங்கியது. வாய்மொழியாகக் கேட்டிருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்காகப் பிரித்து எழுதும் ஸ்வாட் (SWOT) கட்டங்கள் எனக்குப் பிடிக்காது. நான்கு கட்டத்தையும் நிரப்பியதும் வேலை முடிந்ததுபோல ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. மேலிடம் கேட்டால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். மேலாண்மைப் பேராசிரியர் ஹைன்ஸ் வைரிக் 1982-இல் சொன்னபடி கட்டங்களை ஒன்றோடொன்று கோத்துப் பாருங்கள். இந்த வாய்ப்பைப் பிடிக்க நம்முடைய எந்தப் பலம் உதவும், இந்த ஆபத்து வந்தால் நம்முடைய எந்தப் பலவீனம் அதை இன்னும் பெரிதாக்கும் என்று கேட்டால்தான் அந்தக் கட்டங்களிலிருந்து செய்யக்கூடியது ஏதாவது கிடைக்கும்.

படி 4: நேரக் கணக்கு (நான் தடுக்கி விழுந்த இடம்)

முதல் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இளைய ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “மேடம், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்த நேரத்துல செய்யறது?” என்னிடம் பதில் இல்லை. 23 இலக்குகளை எழுதியபோது ஒன்றுக்குக்கூட எத்தனை மணி நேரம் ஆகும் என்று நான் கணக்குப் போடவில்லை.

அடுத்த முறை முதலில் அதைத்தான் செய்தேன். நாங்கள் 11 பேர். வாரத்துக்கு ஆளுக்கு 40 மணி என்று வைத்தால் 440 மணி. அது எங்கே போகிறது என்று எல்லோரிடமும் வாங்கிக் கூட்டினேன். வகுப்பு 132, அதற்கான தயாரிப்பு 132, விடைத்தாளும் ஒப்படைப்பும் திருத்துவது 66, மாணவர் வழிகாட்டுதல் 44, குழுக்களும் அறிக்கைகளும் 55. மொத்தம் 429. மீதி 11 மணி, அதாவது ஆளுக்கு ஒரு மணி. ஆய்வு வேலையை இன்னும் சேர்க்கவே இல்லை!

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதையாவது நிறுத்தாமல் எதையும் புதிதாகத் தொடங்க முடியாது என்பது அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது. ஆகவே நீங்களும் இலக்குப் பட்டியலுக்கு முன்னால் நிறுத்தும் பட்டியலைப் போடுங்கள்.

எங்கள் பட்டியலில் மூன்றுதான் இருந்தன. ஐந்து பேர் வாரம் இரண்டு மணி நேரம் கூடும் குழு ஒன்று இரு வாரத்துக்கு ஒருமுறை கூடினால் போதும் என்று முடிவானது. வாரத்துக்கு 5 மணி மிச்சம். துறைக்குள் எழுதி ஒருவரும் படிக்காத அறிக்கை ஒன்றை நிறுத்தினோம், 3 மணி. இரண்டு விருப்பப் பாடங்களுக்கு ஆண்டுதோறும் ஆறேழு பேர்தான் வந்தார்கள். ஓராண்டு ஒன்று, மறு ஆண்டு மற்றொன்று என்று மாற்றினோம். வகுப்பு, தயாரிப்பு, திருத்துவது எல்லாம் சேர்த்து 7 மணி. மொத்தம் 15. 16 வாரப் பருவத்துக்கு 240 மணி. ஏற்கெனவே மீதியிருந்த 11 மணியைத் தொடவில்லை, அது ஆய்வுக்கு. 240-லும் முக்கால் பங்குக்கு மட்டும், அதாவது 180 மணிக்குள் மட்டும், வேலை போட்டோம். யாராவது உடம்புக்கு முடியாமல் படுப்பார்கள், திடீரென்று ஒரு மதிப்பீட்டுக் குழு வரும். அந்தக் கால்பங்கு இல்லையென்றால் இரண்டாவது மாதமே எல்லாம் சரிந்துவிடும். பாடத்திட்டத் திருத்தத்துக்கு 110 மணி, மாணவர்களுக்கான களப்பயிற்சி ஏற்பாட்டுக்கு 60. அந்தப் பருவத்துக்கு இந்த இரண்டு வேலைகள்தான்.

நிறுத்துவதைப் பற்றிப் பேசும் விதமும் முக்கியம். அந்த விருப்பப் பாடங்களில் ஒன்றை 14 ஆண்டுகளுக்கு முன் உருவாக்கியவர் எங்கள் மூத்த பேராசிரியர். நான் யோசிக்காமல் அதைக் கூட்டத்தில் எடுத்தேன். அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார், கூட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவர் அறைக்குப் போய் நேரக் கணக்குத் தாளைக் காட்டினேன். முதலிலேயே அவரிடம் வந்திருக்க வேண்டும் என்று சொல்லி மன்னிப்பும் கேட்டேன். நிதானமாகப் பார்த்தவர், “ஓராண்டு விட்டு ஓராண்டு வைத்துக்கொள்ளலாமே, மாணவர்கள் சேர்ந்து வருவார்கள்” என்றார். அந்த வழியைச் சொன்னவரே அவர்தான். யாருடைய உழைப்பைத் தொடுகிறீர்களோ, அவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள்.

படி 5: இலக்கில் ஒரு பெயர்

ஸ்மார்ட் (SMART) இலக்குகள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: நல்ல இலக்குக்கு இருக்க வேண்டிய ஐந்து தன்மைகளின் ஆங்கில முதலெழுத்துகள். ஜார்ஜ் டோரன் 1981-இல் அதை முதலில் எழுதியபோது நடுவில் வரும் ஏ எழுத்துக்கு ‘இன்னார் செய்வார் என்று ஒப்படைக்கக்கூடியது’ என்றுதான் பொருள் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை ‘அடையக்கூடியது’ என்று மாற்றிவிட்டார்கள். துறைத் திட்டத்துக்குப் பழைய பொருள்தான் உயிர். ‘ஆய்வுத் தரத்தை உயர்த்துதல்’ என்று எழுதினால் அது யார் வேலையும் இல்லை. ‘முதலாண்டுப் புள்ளியியல் பாடத்தின் திருத்திய பாடத்திட்டத்தை இன்னார் பருவத்தின் 10-ஆம் வாரத்துக்குள் பாடத்திட்டக் குழுவின் முன் வைப்பார், 35 மணி’ என்று எழுதுங்கள். குழுவின் பெயர் வேண்டாம், ஒரு மனிதரின் பெயர் வேண்டும். மற்றவர்கள் அவருக்கு உதவலாம்.

அளவுகோல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தேர்ச்சி விகிதத்தை மட்டும் இலக்காக்கினால் கேள்வித்தாள் இளகும். ஓர் எண்ணைப் பிடித்து அழுத்தினால் அது காட்டிய உண்மை நழுவிவிடும் என்பதை நாணயக் கொள்கையை ஆராய்ந்த சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே சொல்லிவிட்டார். தேர்ச்சியோடு, அந்த மாணவர்கள் அடுத்த நிலைப் பாடத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 6: தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு யோசியுங்கள்

இது அரை மணி நேர வேலை. உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது. திட்டம் முழுவதும் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ‘என்ன ஆபத்து வரலாம்?’ என்று கேட்டால் மரியாதைக்காகச் சொல்லாமல் விடுவதையெல்லாம் இப்படிக் கேட்டால் எழுதிவிடுவார்கள். எங்களுக்கு வந்த தாள்களில் நான்கில் ஒரே விஷயம்தான்: துறைத்தலைவர் மாறிவிடுவார். அதனால் திட்டத்தை ஐந்து ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகச் சுருக்கினோம். ஒவ்வொரு வேலைக்கும் விவரம் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவரையும் வைத்தோம்.

படி 7: கூட்டத்தின் முதல் 20 நிமிடம்

மாதக் கூட்டத்தின் கடைசியில் திட்டத்தை வைத்தால் அதற்கு ஒருநாளும் நேரம் வராது. முதல் 20 நிமிடத்தில் வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நடக்கிறது, தேங்கியிருக்கிறது, நிறுத்திவிட்டோம் என்ற மூன்றில் ஒரு நிலை. தேங்கியிருப்பதைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

கருவி என்று பார்த்தால் எனக்குக் கூகுள் ஷீட்ஸ்தான். வேலை, பெயர், இரண்டாவது ஆள், மணி, கெடு, நிலை என்று ஆறு பத்திகள். திட்ட மேலாண்மைச் செயலிகள் இரண்டை முயன்று பார்த்தேன். இன்னொரு கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. திட்டத்தைப் பவர்பாயிண்ட்டில் போடாதீர்கள். முழு வாக்கியமாக எழுதினால்தான் ஓட்டை தெரியும்.

பின்சேர்க்கை

இந்தப் பதிவைப் படித்த சிலர், ஆசிரியர்கள் நேரக் கணக்கைத் தர மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. அந்த எண்கள் பணி மதிப்பீட்டில் வந்து நிற்கலாம். நான் பெயரில்லாத துண்டுத் தாளில் வாங்கினேன். கூட்டுத்தொகையை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, தாள்களை அவர்கள் கண்முன்னே கிழித்துப் போட்டேன். கணக்குக் கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பகுதிநேர ஆசிரியர்களின் நேரத்தைச் சேர்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவர்கள் எடுக்கும் வகுப்பைக் கணக்கில் சேருங்கள். திட்ட வேலை எதையும் அவர்கள் பெயரில் போடாதீர்கள், அதற்கென்று தனியாக ஊதியம் கொடுக்க வழியிருந்தால் ஒழிய. மூன்றே பேர் உள்ள துறை என்றால் படி 3-ஐ விட்டுவிடலாம், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினாலே போதும். படி 4-ஐ மட்டும் விடாதீர்கள். மூன்று பேரில் ஒருவர் விடுப்பில் போனால் மூன்றில் ஒரு பங்கு நேரம் போய்விடும். அதனால் முக்கால் பங்குக்குப் பதிலாகப் பாதி நேரத்துக்கு மட்டும் வேலை போடுங்கள்.