வேலூரில் மைனிங் மெஷின் வாங்கும் முன்

பிட்காயின் மைனிங் மெஷின் (ஓயாமல் கணக்குப் போட்டுப் புது பிட்காயின் சம்பாதிக்கும் கம்ப்யூட்டர்) வாங்க நினைப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் கரண்ட் கணக்கைப் போடுங்கள். ஆன்ட்மைனர் எஸ்21 மாடல் 200 டெராஹாஷ் வேகம் தரும் (நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு என்பது ஒரு டெராஹாஷ்), இழுப்பது 3,500 வாட். ஒரு நாளைக்கு 84 யூனிட். வீட்டு இணைப்பில் 12 நாளிலேயே 1,000 யூனிட் தாண்டும். அதற்கு மேல் யூனிட் 11 ரூபாய்க்கும் அதிகம். குறைத்து 11 என்றே வைத்தாலும் தினமும் 924 ரூபாய்.

பலர் கோட்டைவிடுவது வரியில்தான். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. கரண்ட் பில்லைக் கழிக்க முடியாது. அதனால் 924 ரூபாய் செலவை ஈடுகட்டவே சுமார் 1,343 ரூபாய்க்குக் காயின் கிடைக்க வேண்டும். அதாவது ஒரு டெராஹாஷுக்கு நாளொன்றுக்கு சுமார் 6.72 ரூபாய். அன்றைய ஹாஷ்பிரைஸ் (ஒரு டெராஹாஷுக்கு ஒரு நாளில் கிடைக்கும் வருமானம்) இதற்குக் கீழே இருந்தால், மெஷினை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் நஷ்டம். ஹாஷ்பிரைஸும் நிலையாக இருக்காது: 2,016 பிளாக்குக்கு (பிட்காயின் பதிவேட்டில் சேரும் தொகுப்பு) ஒருமுறை, ஏறக்குறைய இரண்டு வாரத்தில், டிஃபிகல்ட்டி, அதாவது மைனிங்கின் கடினம், மாறும்.

இந்த மெஷினுக்காகத் தொடர்ந்து 15 ஆம்பியர் ஓடினால் சாதாரண 16 ஆம்பியர் பிளக் சூடாகி உருகிவிடலாம். 4 சதுர மி.மீ. செம்பு ஒயரில் தனி லைன், 20 ஆம்பியர் எம்சிபி, இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள். சத்தமும் அதிகம், படுக்கையறைக்குப் பக்கத்தில் வேண்டாம். கத்திரி வெயிலில் சத்துவாச்சாரி மொட்டைமாடி ஷீட் கொட்டகையில் வைத்தால் சூடு தாங்காமல் மெஷின் தானே நின்றுவிடும். ஏசி போடலாமே என்றால், அதற்கும் யூனிட் ஓடும்!