நடுப்பகலில் நள்ளிரவு: பேய் கௌபாய் படத்துக்கு வெயிலில் இரவுக் காட்சி எடுப்பது எப்படி?

போன பிப்ரவரியில் நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து அரிசோனா பாலைவனத்தில் ஆறு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தேன். கதை 1880களில் நடக்கிறது. தான் சுட்டுக் கொன்ற ஆள் கையில் லாந்தரோடு பின்னாலேயே வருவதைப் பார்க்கும் ஒரு கௌபாய். லயன் காமிக்ஸில் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரும் மந்திரவாதி மெபிஸ்டோவும் மோதுவதைப் படித்து வளர்ந்த கூட்டம், வேறென்ன எடுப்போம்?

படத்தில் முக்கால்வாசி இரவு. எங்களிடம் ஜெனரேட்டர் கிடையாது, பெரிய விளக்கு கிடையாது, ராத்திரிக் குளிரில் நிற்கத் தெம்பும் கிடையாது. அதனால் வெயிலில் எடுத்து இரவாக மாற்றினோம். முதல் நாள் எடுத்தது மொத்தமும் குப்பை. அடுத்த வாரம் போய் மறுபடி எடுத்தபோதுதான் பிடிபட்டது. அந்த இரண்டு வாரக் கதைதான் இந்தப் பதிவு.

வித்தை பழையது. ஹாலிவுட்டில் 'டே ஃபார் நைட்' என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயரே 'அமெரிக்க இரவு'. சின்ன பட்ஜெட் வெஸ்டர்ன்களுக்கு இதுதான் சோறு போட்டது, சில சமயம் காலையும் வாரிவிட்டது. 1966இல் வந்த 'பில்லி த கிட் வெர்சஸ் டிராகுலா'வை எட்டே நாளில் எடுத்து முடித்தார்கள். ஜான் கேரடைன் நடித்த டிராகுலா பளிச்சென்ற வெளிச்சத்தில் ஜாலியாக நடமாடுகிறார். இன்றுவரை அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள்.

படி 0: கதையிலேயே இரவைக் குறையுங்கள்

இதை நான் செய்யவில்லை, நீங்களாவது செய்யுங்கள். 1959இல் வந்த 'கர்ஸ் ஆஃப் த அன்டெட்' படத்தில் துப்பாக்கிக்காரனே ரத்தக்காட்டேரி. வெயில் அவனைக் கொல்லாது, கண்ணை உறுத்தும், அவ்வளவுதான் என்று திரைக்கதையிலேயே எழுதிவிட்டார்கள். பாதிப் படத்தைப் பகலிலேயே நிம்மதியாக எடுக்கலாம். ஒரு வரி வசனம் எத்தனை விளக்கு வாடகையை மிச்சப்படுத்துகிறது பாருங்கள்.

படி 1: சூரியன் நடிகரின் முதுகுக்குப் பின்னால்

உங்கள் படத்தில் சூரியன்தான் நிலா. நடிகருக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருந்தால் தோளிலும் தொப்பி விளிம்பிலும் வெள்ளிக்கோடு விழும், முன்பக்கம் இருண்டிருக்கும். முகத்துக்கு நேரே அடித்தால் என்ன செய்தாலும் பகல்தான். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். பிப்ரவரியில் எங்களுக்குச் சரிப்பட்டது காலை எட்டரை முதல் பத்தரை, பிறகு மாலை மூன்றரை முதல் ஐந்து.

படி 2: வானம்

நான் விழுந்த குழி இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தரையை எவ்வளவு இருட்டாக்கினாலும் மேலே வானம் வெளுத்துக் கிடந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். இரவு என்றால் வானம் தரையைவிட இருட்டாக இருக்கும் என்றுதான் பார்ப்பவர் எதிர்பார்ப்பார். பகலில் அது தலைகீழ். எனக்கு இது தெரியும், அதனால்தான் போலரைசர் ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டி வானத்தின் பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) வாங்கிக்கொண்டு போனேன். சூரியனுக்குச் செங்குத்தாக இருக்கும் வானத்தை அது நன்றாகவே கறுப்பாக்கும். ஆனால் வெஸ்டர்ன் என்றாலே பரந்த வெளி என்ற ஆசையில் 16 மி.மீ. லென்ஸை (எண் குறையக் குறையக் காட்சி அகலும்) மாட்டிவிட்டேன். அவ்வளவு அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும்தான் அந்தச் செங்குத்துக் கோணத்தில் இருக்கும். நடுவில் மை கொட்டியதுபோல ஒரு கருநீலத் திட்டு, இரண்டு பக்கமும் வெளிறிப்போன நீலம். பாதி துவைத்த லுங்கி மாதிரி இருந்தது.

போதாததற்கு அதன்மேல் வேரியபிள் என்டி ஃபில்டரும் போட்டிருந்தேன். என்டி என்பது உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, வேரியபிள் என்றால் திருகித் திருகி அளவை மாற்றலாம். வேரியபிள் என்டி என்பதே இரண்டு போலரைசர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுதான். மூன்றாவதாக இன்னொன்றைச் சேர்த்தால் எது எதை இருட்டாக்குகிறது என்று யாருக்கும் தெரியாது. கேமராவின் சின்னத் திரையில் எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டதும் வயிறு கலங்கியது.

இரண்டாம் வாரம் செய்தவை: லென்ஸ் 35 மி.மீ.க்குக் கீழே போகவே இல்லை. வேரியபிளை வீசிவிட்டுச் சாதாரண என்டி ஒன்று (வேரியபிள் வாங்கும் காசில் நல்ல சாதாரண என்டி இரண்டு வாங்கலாம், இதில் எனக்குச் சமரசமே கிடையாது). எல்லாவற்றுக்கும் மேலாக, முடிந்தவரை வானத்தையே ஃப்ரேமுக்குள் விடவில்லை. கேமராவை ஒரு மேட்டில் ஏற்றிக் கீழ்நோக்கி வைத்தோம், பின்னணிக்கு நிழல் விழுந்த மலைச்சரிவைப் பிடித்தோம். வானம் தெரியும் ஷாட் படத்திலேயே மூன்றுதான். அந்த மூன்றையும் ஸ்டாண்டில் அசையாமல் எடுத்தோம், பின்னால் வானத்தைத் தனியாகப் பிரித்து இருட்டாக்க அதுதான் வசதி.

படி 3: கேமரா

மேனுவலில் வைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒயிட் பேலன்ஸ் (எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் காட்டுவது என்ற அமைப்பு) 4000 கெல்வின் பக்கம், வெயிலில் எண் குறையக் குறையப் படம் நீலமாகும். 3200 என்று பலர் சொல்வார்கள், எனக்கு அது சொட்டு நீலம் ஊற்றியதுபோல இருக்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), போனால் ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள், அதற்குமேல் வேண்டாம். முதல் நாள் நான் மூன்று ஸ்டாப் குறைத்தேன். நிழலில் இருந்ததெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்துப்போனது. மீதி இருட்டைக் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தின் இரவை வேண்டுமென்றே அதிக வெளிச்சமாக எடுத்துப் பிறகு இருட்டாக்கினார்கள், நிழலில் விவரம் போகாமலிருக்க. நம் கேமராவில் அவ்வளவு துணிந்தால் வெள்ளைச் சட்டை விவரமே இல்லாமல் வெளுத்துப்போய்விடும்.

சட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. தும்பை வெள்ளையில் உடுப்பு வேண்டாம். எங்கள் பேயின் சட்டையை டீத்தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தோம். அழுக்கும் கிடைத்தது, வெளிச்சத் தொல்லையும் தீர்ந்தது.

படி 4: தொப்பிக்கு அடியில் முகம்

வெயில் பின்னாலிருந்து வருகிறது, தலையில் அகலத் தொப்பி. முகம் கரித்துண்டாகிவிடும். பேய்க்கு அது இலவச மேக்கப், அப்படியே விட்டுவிடலாம். நாயகனுக்கு மட்டும் வெளிச்சம் முகத்தில் திரும்பி விழும்படி தெர்மாகோல் பலகை பிடியுங்கள், இடுப்பு உயரத்துக்குக் கீழே, தள்ளி நின்று. பலகையில் வெள்ளித்தாள் ஒட்டிய பக்கம் இருந்தால் அதைக் காட்டாதீர்கள், கண் கூசும். கண்ணைச் சுருக்கும் நடிகரைப் பார்த்தால் வெயில் என்று குழந்தையும் சொல்லிவிடும். எங்கள் ஆளை ஷாட் தொடங்கும்வரை கண்ணை மூடியிருக்கச் சொன்னோம்.

படி 5: லாந்தர்

வெயிலில் லாந்தர் எரிந்தாலும் எரிவது தெரியாது. உள்ளே பேட்டரி எல்இடி ஒன்றை வையுங்கள். கேமரா 4000இல் இருப்பதால் சாதாரண வார்ம் எல்இடி (மஞ்சள் சாயல் விளக்கு) நாம் நினைக்கும் அளவுக்கு மஞ்சளாகத் தெரியாது. அதன்மேல் ஆரஞ்சு ஜெல் தாள் (விளக்குக்கு நிறம் தரும் ஒளி ஊடுருவும் தாள்) இரண்டு சுற்று சுற்றுங்கள். லாந்தர் வரும் ஷாட்களை மட்டும் பாறை நிழலிலோ சூரியன் மறைந்தபிறகு கிடைக்கும் இருபது நிமிடத்திலோ எடுங்கள்.

படி 6: கணினியில்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங், கலர் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். போனில் ஒரே தட்டில் 'நைட் ஃபில்டர்' போடும் ஆப்கள் பக்கம் போகவே வேண்டாம். என் வரிசை இது: முதலில் ஒட்டுமொத்த வெளிச்சத்தைக் குறைப்பேன். அடுத்து சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி), 50லிருந்து 30 பக்கம். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது, முதலில் மங்குவது சிவப்பு. அதனால் சிவப்பை மட்டும் இன்னும் கொஞ்சம் தனியாகக் குறைப்பேன். பிறகு வானம். கடைசியாக லாந்தரைச் சுற்றி ஒரு வட்ட விண்டோ (அந்தப் பகுதியை மட்டும் மாற்ற வரையும் வட்டம்), லாந்தர் நகர்ந்தால் கூடவே போக டிராக்கரை ஓடவிட்டு உள்ளே வெளிச்சமும் ஆரஞ்சும். இந்தக் கடைசி வேலையைச் செய்தவுடன்தான் எனக்கே இரவு என்று தோன்றியது. கண் ஒரு விளக்கைப் பார்த்துவிட்டால் சுற்றியிருப்பதை இருட்டென்று எடுத்துக்கொள்கிறது.

ஒலியை மறக்காதீர்கள். பகல் பறவைச் சத்தத்தை வெட்டிவிட்டுச் சிள்வண்டும் தூரத்துக் கொயோட்டி ஊளையும் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பொம்மைத் துப்பாக்கியோடு வெளியிடத்தில் நிற்பதற்கு முன் இட அனுமதி வாங்குங்கள், உள்ளூர் ஷெரிஃப் அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

பின்சேர்க்கை 1: போனில் எடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடலாம். பூட்டாமல் எடுத்தால் நடிகர் நகர நகர இரவு விடிந்து விடிந்து மறையும்.

பின்சேர்க்கை 2: கறுப்பு வெள்ளையில் செய்தால் எளிதா என்று ஒருவர். ரொம்பவே எளிது, புதிதாகத் தொடங்குபவர்கள் அப்படியே தொடங்குங்கள். வழக்கமான பகல் ஒயிட் பேலன்ஸில் எடுத்து, ரிசால்வில் ஆர்ஜிபி மிக்சரை மோனோகுரோமாக்கி (கறுப்பு வெள்ளையாக்கி), சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். நீல வானம் சடாரென்று கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கேமராமேன்கள் சிவப்பு ஃபில்டர் போட்டதும் இதற்குத்தான். கூடவே உதடும் தோலும் வெளிறி ரத்தம் வற்றிய முகமாகத் தெரியும். பழைய ஆட்களுக்கு அது தலைவலி, பேய்ப்படக்காரர்களுக்கு லாபம்.

பின்சேர்க்கை 3: போனில் பார்த்தால் எதுவுமே தெரியவில்லை என்று புகார். நியாயம்தான். இருட்டறையில் உட்கார்ந்து கலர் செய்தது என் தப்பு. அறை விளக்கைப் போட்டு, சாதாரண வெளிச்சத்தில் போனில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தபிறகே வெளியிடுங்கள். எங்கள் படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி மறுபடி ஏற்றியிருக்கிறேன்.

பின்சேர்க்கை 4: நாலாவது நிமிடத்தில் வானத்தில் ஒரு வெள்ளைக்கோடு ஓடுகிறது என்று ஒரு வாசகர் நேரம் போட்டு எழுதியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். விமானம் விட்டுப்போன புகை. 1880களில்! எடுக்கும்போது ஐந்து பேரும் தொப்பி நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அழிக்க உட்கார்ந்திருக்கிறேன், ஸ்டாண்டில் எடுத்த ஷாட் என்பதால் தப்பித்தேன்.