ஆண்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்: கோதிக் நாவல்களின் பழைய பதிப்புகள்

பழைய கோதிக் நாவல்களை, அதாவது மர்மமும் திகிலும் நிறைந்த கதைகளை, சேர்க்கத் தொடங்குபவர்களின் கண் முதலில் போவது தலைப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டுக்குத்தான். அதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுவதுதான் பெரிய தவறு.

இந்த வகை நாவலுக்கே பிள்ளையார் சுழி போட்ட 'தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1764 டிசம்பர் 24 அன்று லண்டனில் 500 பிரதிகள் வெளிவந்தன. ஆனால் உள்ளே அச்சாகியிருக்கும் ஆண்டு 1765. அடுத்த சில மாதங்களிலேயே வந்த இரண்டாம் பதிப்பிலும் அதே 1765தான். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? முதற்பதிப்பில் அதை எழுதிய ஹோரஸ் வால்போலின் பெயர் இருக்காது. இத்தாலிய மூலத்தை வில்லியம் மார்ஷல் என்பவர் மொழிபெயர்த்ததாகப் போட்டிருக்கும். அது வால்போல் சூட்டிக்கொண்ட கற்பனைப் பெயர். 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பு இரண்டாம் பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. ஆக, இந்த வகைக்குப் பெயர் கொடுத்த சொல் தலைப்புப் பக்கத்தில் இருந்தாலே அது முதற்பதிப்பு இல்லை. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத செய்தி இது.

'ஃபிராங்கன்ஸ்டைன்' விஷயத்தில் குழப்பம் வேறு மாதிரி. 1818இல் ஆசிரியர் பெயரில்லாமல் மூன்று பாகங்கள், 500 பிரதிகள். 1823இல் மேரி ஷெல்லியின் பெயரோடு இரண்டு பாகங்கள். 1831இல் அவரே திருத்தி, புது முன்னுரை எழுதிய ஒரே பாகம். 1818 பிரதி ஒன்று 2021இல் 11 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. அதற்காக 1831ஐ ஒதுக்கிவிட வேண்டாம். பிற்காலத்தில் பெரும்பாலோர் படித்தது அந்த வடிவத்தைத்தான். படத்தோடு வந்த முதல் பதிப்பும் அதுதான். கையில் உள்ள பணம் கொஞ்சம் என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். 'முதல் படப் பதிப்பு' என்பதில் உள்ள 'முதல்' என்ற சொல்லுக்காக 1818இன் விலையைக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பல பாகங்களாக வந்த நாவல் என்றால் ஒவ்வொரு பாகத்தின் தலைப்புப் பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். 'தி மங்க்' 1796இல் மூன்று பாகங்களாக வந்தது; 1798இன் நான்காம் பதிப்பில் அதன் ஆசிரியர் எம். ஜி. லூயிஸ் பல இடங்களை வெட்டிவிட்டார். வெவ்வேறு பதிப்புகளின் பாகங்களை ஒரே மாதிரித் தோல் அட்டைக்குள் சேர்த்துவிட்டால் வெளியே பார்த்து எதுவும் தெரியாது.

பழைய அட்டையைப் பிரித்துப் புது பைண்டிங் போடுவது இன்னொரு தவறு. அந்தக் காலத்து பைண்டர்களே தலைப்புக்கு முந்தைய தாளையும் கடைசி விளம்பரத் தாள்களையும் தூக்கி எறிந்திருக்கிறார்கள். விளம்பரம்தானே என்று நினைக்க வேண்டாம். 1897இல் கான்ஸ்டபிள் வெளியிட்ட மஞ்சள் துணி அட்டை 'டிராகுலா'வில், அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் இன்னொரு நாவலுக்கான விளம்பரம் கடைசியில் இருந்தால் அது பிந்தைய பிரதி என்றே சேகரிப்பாளர்கள் கொள்கிறார்கள். நைந்த புத்தகத்துக்கு அளவாக ஒரு பெட்டி செய்து வைத்தால் போதும். செலோ டேப் கூடவே கூடாது.

பணம் அனுப்புவதற்கு முன் எல்லாப் பாகங்களின் தலைப்புப் பக்கம், கடைசித் தாள், முதுகு ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். 1800 வரையிலான நூல்களுக்கு இஎஸ்டிசி என்ற ஆங்கில நூற்பட்டியல் இருக்கிறது. பக்க எண்ணிக்கையை அதோடு ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.