கியர்பாக்ஸைக் கழற்றும் முன்: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்போருக்கு

1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் கியர் விழ மறுத்தால், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் (மிதியின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கி கிளட்ச்சை இயக்கும் சிறு உருளை) ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் கசிந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். சின்னச் செலவோடு முடிந்துவிடும்.

அடுத்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்ச்சை மிதித்ததும் அடங்கினால், சந்தேகம் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மீது, அதாவது இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டின் பேரிங் மீது. மிதிக்கும்போதுதான் இரைகிறது என்றால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மீது. பிறகு கியர்பாக்ஸ் ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை போலிருந்தால் வழக்கமான தேய்மானம். அரிசிக் குருணை அளவில் இரும்புத் துணுக்கு நெருடினால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். வடிக்கும் முன், நிரப்பும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இறுகிக் கிடந்தால் புது ஆயில் ஊற்ற வழியிருக்காது.

இந்தக் காரில் கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பகுதி) ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அதை அவிழ்க்குமுன் ஜாக்கியால் முட்டுக் கொடுங்கள். கியர்பாக்ஸ் இறங்கியதும் கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும் என்பதே என் கட்சி. கியர்பாக்ஸ் ஆயிலின் தரக் குறியீடு ஜிஎல்-4, பிசுக்குமைக் குறியீடு 75டபிள்யூ-90; ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும்.