தோலில் தொடங்கி டிராக்கில் முடிப்பது: தாளவாத்தியமும் இன்றைய இசையும் கலப்பவருக்கு

பாட்டை முழுக்க முடித்துவிட்டுக் கடைசி நாளில் மிருதங்கக் கலைஞரைக் கூப்பிடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. அதற்குள் ஸ்ருதி, டெம்போ எல்லாம் முடிவாகியிருக்கும், கிக் டிரம்மும் பாஸும் ஓசையின் கீழ்ப்பகுதியை அடைத்திருக்கும். வருகிறவருக்கு மிஞ்சுவது தோரணம் கட்டும் வேலை. சின்தசைஸரின் ஸ்ருதியை ஒரு நொடியில் மாற்றிவிடலாம், தோலை அப்படி மாற்ற முடியாது. அதனால் வாத்தியத்திலிருந்து பாட்டுக்கு வாருங்கள்.

முதல் கேள்வி: எத்தனை கட்டை, அதாவது பாட்டின் ஆதார ஸ்ருதி எது? மேற்கத்திய ஸ்வரப் பெயரில் ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி. மிருதங்கத்தின் வலந்தலை (வலது பக்கம்) பாட்டின் ஷட்ஜத்தோடு ('ஸ') சேர வேண்டும். ஒரே மிருதங்கத்தை அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் நாதம் செத்துவிடும், வேறு மிருதங்கம்தான் வேண்டும். கடம் வெந்த மண். உள்ளே பிளாஸ்டிசின் ஒட்டிச் சற்று இறக்கலாம், ஏற்றுவதற்கு வழியே இல்லை. கடைசிச் சரணத்தில் ஸ்ருதி ஏறும் பாட்டென்றால் இரண்டு கடங்களுக்குச் சொல்லிவையுங்கள்.

கஞ்சிராவின் கும்கி (வளைந்தெழும் கீழ் ஓசை) தோலின் உட்புறம் தெளிக்கும் தண்ணீரில் இருக்கிறது. ஏசி அறையில் அது சீக்கிரம் காய்ந்து ஸ்ருதி ஏறும். முதல் டேக்கும் பத்தாவது டேக்கும் ஒட்டாமல் போவதற்குக் காரணம் இதுதான். நான்கைந்து டேக்குக்கு ஒருமுறை நிறுத்தி ஈரம் பாருங்கள். உடும்புத் தோல் கஞ்சிராவைக் கேட்டு வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர் அது. ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் கிடைக்கின்றன.

பறைக்கு நேர் எதிர்ச் சிக்கல். காய்ச்சிய சூட்டில் விறைத்த தோல் சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும். காய்ச்ச வெளியே இடம் ஏற்பாடு செய்யுங்கள், மைக்கையும் லெவலையும் முன்பே முடித்து வையுங்கள், பறை உள்ளே வந்ததும் பதிவைத் தொடங்குங்கள். ஃபைபர் பறையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அந்த உடம்பும் இல்லை.

அடுத்தது காலக் கணக்கு. அதிகம் கெடுவது இங்கேதான். 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 பீட்) வேகத்தில் ஒரு பீட் 600 மில்லி செகண்ட். பீட்டை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ரத்தில் ஒரு அட்சரம் (பீட்டின் ஒரு பங்கு) 150, மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரத்தில் 200, ஐந்தாகப் பிரிக்கும் கண்டத்தில் 120. கண்ட நடையில் வாசித்ததைப் பதினாறாம் பாகக் கட்டத்தில் (பீட்டுக்கு நான்கு) குவான்டைஸ் செய்து, அதாவது அடிகளை மென்பொருளில் அருகிலுள்ள கோட்டுக்கு நகர்த்திப் பாருங்கள்: 240-இல் விழுந்த அடியும் 360-இல் விழுந்த அடியும் இரண்டுமே 300-க்கு ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். ஐந்து நான்காகிவிடும். கட்டத்தை ஐந்தாகப் பிரியுங்கள், அல்லது குவான்டைஸைத் தொடாதீர்கள். இரண்டாவதே பெரும்பாலும் நல்லது.

ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவை நாலு பீட் கிக்கோடு கலக்க ஆசையா? ஏழு எட்டாம் பாகங்கள் (அரை பீட்டுகள்) கொண்ட ஆவர்த்தனம், அதாவது தாளச் சுற்று, எட்டுமுறை சுற்றினால் 56. அது பாருக்கு நான்கு பீட் உள்ள 4/4-இல் சரியாக 7 பார். எட்டு பாராக வெட்டி லூப் போடும் பழக்கம் இங்கே உதவாது, 7 அல்லது 14 பாராக வெட்டுங்கள். பகுதியை முடிக்க, பத்து அட்சரச் சொல்லை மூன்றுமுறை வைத்து நடுவில் ஓர் அட்சரம் கார்வை (இடைவெளி) விட்டால் 10+1+10+1+10, அதாவது 32. சதுஸ்ரத்தில் இரண்டு பாரில், சமத்திலிருந்து (சுற்றின் முதல் அடி) எடுத்து அடுத்த சமத்தில் விழும். அந்த இரண்டு பாருக்கு மற்ற டிரம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

கடன் வாங்குவது ஓசையை மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1970-இல் கானாவுக்குப் போய் முரசு கற்றார். மறுவருடம் அவர் முடித்த 'டிரம்மிங்' என்ற நெடிய தாளப் படைப்பில் ஆப்பிரிக்க முரசு ஒன்றுகூடக் கிடையாது. ஸ்ருதி சேர்த்த போங்கோ, மரிம்பா, கிளாக்கன்ஸ்பீல், கூடவே குரலும் பிக்கோலோவும், இவற்றை வைத்தே கட்டினார்.

பதிவில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்; உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மிருதங்கத்துக்கு இரு பக்கமும் ஒரு சாண் தள்ளி இரண்டு மைக். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பியின் (இடது பக்கம்) ஓசை மெலிந்தால் ஒரு மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழ் திசை) திருப்புங்கள். பறைக்கு டைனமிக் மைக், ஒரு மீட்டர் தள்ளி. கடத்துக்கு மூடிய ஹெட்போன் கட்டாயம். கிளிக் கசிந்தால் பிறகு எடுக்கவே முடியாது.

மிக்ஸில் ஆப்பிரிக்க முரசான ஜெம்பேயின் பாஸ் அடியும் கிக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 60 முதல் 80 ஹெர்ட்ஸ் பக்கம், முட்டிக்கொள்ளும். ஈக்யூவால் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது) சண்டையைத் தீர்க்கப் பார்ப்பதைவிட, ஜெம்பே விழும் இடத்தில் கிக்கை எடுத்துவிடுவது மேல். கம்ப்ரஸரின் அட்டாக் (சத்தத்தை அமுக்கத் தொடங்க அது எடுக்கும் நேரம்) 20–30 மில்லி செகண்ட் இருக்கட்டும்; அதைவிட வேகமானால் விரலின் 'டக்' முதலில் போய்விடும்.

பணம். கோர்வையை (மேலே சொன்னது போன்ற முடிப்புச் சொற்கட்டு) தாளக் கலைஞரே அமைத்திருந்தால் அது வெறும் வாசிப்பு அல்ல, இசையமைப்பு. யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை அன்றைக்கே ஸ்டுடியோவில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் படப்பாட்டின் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் திரையரங்குக்கு வெளியே வரும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைத் தந்தது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத தாளக் கலைஞருக்குக் கிடைப்பது செஷன் கூலியோடு, வாசித்தவர் என்ற தனி உரிமை மட்டும். இசையமைப்பாளர், பாடலாசிரியருக்கு ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகி ஒவ்வொரு படைப்பையும் பங்கோடு பதிவுசெய்யுங்கள். கடையில் வாங்கிய லூப் உள்ள பாட்டை யூடியூப் கன்டென்ட் ஐடியில் (ஒலியை ஒப்பிட்டுத் தானாக உரிமை கோரும் அமைப்பு) ஏற்றாதீர்கள். அதே லூப்பை வாங்கிய இன்னொருவரின் வீடியோவுக்கு உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போய் நிற்கும்.