நாய் வளர்க்கும் பெரியவர்களும் வீட்டுப் பின்பக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 15 சென்ட் இடம் கிடக்கிறது. ஆறேழு தென்னை, ஒரு பலா, வேலியோரம் கமுகு (பாக்கு மரம்), அடுக்களை வாசலுக்கு நேரே கிணறு. தம்பி துபாய்க்குப் போனபோது, தான் ஆசையாக வாங்கிய லாப்ரடாரை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். இந்த மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. நாய் பிள்ளைகள் வாங்கியது, சோறு போடுவதும் கழிவை அள்ளுவதும் எழுபதைத் தாண்டியவர்கள்.

ஒரு ஜூன் மாத மழையில் நான் லீவுக்குப் போனேன். பின்பக்கம் கால் வைக்க இடமில்லை. நான் சத்தம் போட்ட பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். “குனிஞ்சா தல சுத்துது மக்கா. சொன்னா நாயக் கொண்டு விட்டுருவியன்னுதான் சொல்லல.”

சோம்பல் என்று நாம் நினைப்பதுதான் முதல் தவறு. அது நம் தவறு, பெரியவர்களுடையது அல்ல. 15 சென்ட்டிலும் நாய் எங்கே போயிருக்கிறது என்று தேடித்தேடி அள்ளுவது 74 வயது உடம்பால் முடிகிற வேலையில்லை. வேலையைச் சின்னதாக்கினால்தான் தினமும் நடக்கும். இனி வருவதெல்லாம் அதைப் பற்றியதுதான்.

நாயை இஷ்டத்துக்கு அவிழ்த்து விடுவதில்தான் வேலை பெருகுகிறது. நாய்க்கு ஓர் இடத்தைப் பழக்கலாம், வயதான நாய்க்கும்தான். சாப்பிட்டு முடித்துக் கால் மணி, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலான நாய்களுக்கு வெளிக்குப் போக வரும். அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்து ஒரே மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசாமல் நிற்க வேண்டும். போய் முடித்ததும் தலையைத் தடவி, ஒரு துண்டு பிஸ்கட். முதல் சில நாட்கள் பழைய கழிவில் கொஞ்சத்தை அங்கேயே விட்டு வையுங்கள், அந்த மணமே நாய்க்கு வழிகாட்டும். எங்கள் ஜிம்மிக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் கூட நிற்க யாராவது இருந்தால் நல்லது. லீவுக்கு வருகிற பிள்ளைகள் பெரியவர்களுக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான். நாற்காலியில் உட்கார்ந்து பினாயில் ஆர்டர் போடுவது அல்ல.

எந்த மூலை என்பதிலும் தப்பு நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று பலா மூட்டு (மரத்தடி) நிழலைத் தேர்ந்தெடுப்பார்கள். நிழலும் ஈரமும் மணலும் சேர்ந்த இடம்தான் கொக்கிப்புழுவுக்குச் சொர்க்கம். நாயின் கழிவில் வரும் அதன் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைத்து உள்ளே போகும் குஞ்சுப்புழுவாகிவிடும். வெறுங்காலில் நடப்பவரின் பாதத்தில் நெளிநெளியாகச் சிவந்து அரிக்கும் தடம் அதன் வேலைதான். வெயில் பட்டுக் காய்ந்தால் இந்தப் புழு தாங்காது. அதனால் வெயில் விழும், தண்ணீர் தேங்காத, கிணற்றுக்குத் தூரமான இடமாகப் பாருங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி கரையோர மணலில் வீடு இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

வெறுங்கால் என்றதும் ஒன்று. வீட்டைச் சுற்றிச் செருப்புப் போட்டு நடப்பது நம் பெரியவர்களுக்கு ஏதோ மரியாதைக் குறைவு மாதிரி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். முள் குத்தினாலும் தெரியாது, அந்தப் புண் வழியாக எதுவும் உள்ளே போகலாம். அடுக்களை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, பின்பக்கத்துக்கு என்றே கிடக்கட்டும். அடி தேய்ந்த செருப்பு வேண்டாம். நமக்கு மழை வருஷத்தில் இரண்டு தடவை. ஜூனில் தொடங்குவது ஓய்ந்ததும் அக்டோபரில் அடுத்தது வந்துவிடும். நடைபாதையில் பாசி பிடிக்காத மாதங்கள் குறைவு. கழிவை அள்ளுவதற்கு முன், அங்கே போகும் பாதையின் பாசியைச் சுரண்டச் சொல்லி யாரிடமாவது காசு கொடுத்துவிடுங்கள்.

விழுவது பெரும்பாலும் அவசரத்தில்தான் நடக்கிறது. விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றில் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இடுப்பை மடக்கிக் குனிந்து அள்ளிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றத்தான் செய்யும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளிச்சம் நன்றாக வந்ததும் செய்தால் என்ன குறைந்துவிடும்? இருட்டில் கதம்பை (தேங்காய் மட்டை) குவியலுக்கும் விறகுக்கும் நடுவே நல்ல பாம்பும் விரியனும் கிடக்கலாம். இன்னொன்று, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டே அள்ளக் கூடாது. லாப்ரடார் ஒரு காக்காயைப் பார்த்து இழுத்தால் போதும்.

குனியாமல் அள்ள நீளக் காம்பு வைத்த குப்பை முறம் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பழைய முறத்தில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகிக் கட்டலாம். எங்கள் வீட்டில் கமுகம்பாளைதான், அதாவது பாக்கு மட்டை. அகலமாக, உறுதியாக, தானாகவே மரத்திலிருந்து விழுகிறது. இரண்டாக வெட்டி ஒரு பாதியை நீளக் கம்பில் கட்டினால் முறம், தேய்ந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பாதி. தள்ளிவிட ஒரு ஈர்க்கு வாரியல், அதற்கும் நீளக் கம்பு. கழிவு இளகியிருந்தால் ஆறிய அடுப்புச் சாம்பலோ தென்னை நார்த்தூளோ தூவி ஐந்து நிமிடம் விட்டால் ஒட்டாமல் வரும்.

சனிக்கிழமை மொத்தமாக அள்ளிக்கொள்ளலாம் என்று வைத்தால் ஈ நமக்கு முந்திக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில் ஈ முட்டையிட்டுப் புது ஈ பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். தினமும் முடியாவிட்டாலும் ஒன்றுவிட்டு ஒரு நாள் அள்ளினால் ஈயும் புழுவும் வளர்வதற்குள் இடம் காலியாகிவிடும். உருளைப்புழு முட்டை நோய் தரும் நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், ஆனால் வந்துவிட்டால் மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். பிளீச்சிங் பவுடருக்கும் அது அசையாது. லீவுக்கு வரும் பேரப்பிள்ளை மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைத்தால் கண்பார்வை வரைக்கும் பாதிக்கக்கூடியது அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பதும் பின்பக்கச் சுத்தத்தில் சேர்த்திதான்.

அள்ளியதை எங்கே போடுவது? பெரும் குழப்பம் இங்கேதான். வழக்கம்போல எல்லாவற்றையும் தென்னை மூட்டுக்குத் தள்ளுவார்கள். தேங்காய் வெட்ட வருகிறவர் வெறுங்காலோடு வந்து நிற்பது அங்கேதான். மாட்டுச் சாணம் மாதிரி உரம்தானே என்று கீரைப் பாத்தியில் போடுவதும் உண்டு. மாடு புல் தின்கிறது, நாய் மீனும் இறைச்சியும் தின்கிறது. நாயின் வயிற்றுக் கிருமியும் புழுவும் நமக்கும் தொற்றக்கூடியவை. வீட்டுக் குப்பைக்குழியில் எழும் சூடு அவற்றைக் கொல்லப் போதாது. பக்கத்து ரப்பர் விளைக்கோ (தோட்டம்) சானலுக்கோ (பாசனக் கால்வாய்) வீசுவதைப் பற்றி என்ன சொல்ல? அந்தச் சானலில்தான் கீழே யாரோ குளிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து இரண்டு நல்ல வழிகள். பின்பக்கத்திலேயே கக்கூஸ் இருந்தால், கல்லும் மண்ணும் சேராமல் அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது. இல்லையென்றால், கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி. சின்ன சிமெண்ட் உறை ஒன்றை இறக்கி மேலே மூடி போட்டால் நாய் தோண்டாது, மனிதரும் விழ மாட்டார். ஒவ்வொரு முறை போட்டதும் மேலே ஒரு சிரட்டை மண். ஆனால் சுசீந்திரம், தேரூர் மாதிரி வயல் சூழ்ந்த தாழ்ந்த இடங்களில் மழைக்காலத்தில் குழிக்குள்ளேயே தண்ணீர் ஊறும், அங்கே குழி சரிப்படாது. சில வீடுகளில் வேலைக்கு வரும் அக்காவிடம் பேச்சோடு பேச்சாக “அதையும் கொஞ்சம் எடுத்துரு” என்பார்கள். அது தனி வேலை. கேட்டு, அவர் சம்மதித்தால் தனிக் கூலி கொடுக்க வேண்டும், கையுறையும் வாங்கித் தர வேண்டும். சமையல் குப்பையோடு பொட்டலமாகக் கட்டி, குப்பை எடுக்க வருகிறவர் கையில் கொடுப்பது இன்னும் மோசம்.

அடுத்தது மருந்து மோகம். மண் தரையில் பினாயில் ஊற்றினால் நம் மூக்குதான் ஏமாறும், புழு ஏமாறாது. நாய் அதில் நடந்துவிட்டுக் காலை நக்கும். பினாயில், அதிலும் கறுப்புப் பினாயில், அதற்கு விஷம். சிமெண்ட் தரையில் மட்டும், முதலில் கழிவை அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவி, அப்புறம் 10 லிட்டர் வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். காயும் வரை நாயைக் கட்டிப் போடுங்கள். மூத்திரம் தேங்கிய இடத்தில் நேராகப் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு அதைக் கலந்தால் உயிருக்கே ஆபத்து, ஆஸ்துமாக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். ஹோஸ் பைப்பால் பீய்ச்சி அடிப்பதும் சுத்தம் இல்லை. ஓரிடத்தில் இருந்ததை விளை முழுக்கப் பரப்புவது அது.

தட்டில் போடுவதுதான் பின்னால் வருகிறது. தேங்காய் அரைத்த மீன் குழம்பு மிச்சமும் பாலும் ஊற்றிப் பிசைந்து கொடுத்தால் பல நாய்களுக்கு வயிறு இளகும். பிறகு முறத்தால் அள்ளுவது எப்படி? குழம்பையும் பாலையும் நிறுத்தி, முள் எடுத்த வெந்த மீனும் சோறும் அளவாகக் கொடுத்த ஒரே வாரத்தில் அம்மாவின் வேலை பாதியானது. தட்டில் மீந்ததை ராத்திரி வெளியே விடாதீர்கள். அதற்கு எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். அந்தக் கிருமி எலி மூத்திரத்தில் மட்டுமல்ல, தொற்றிய நாயின் மூத்திரத்திலும் இருக்கும், மழைத்தண்ணீரில் கால் புண் வழியாக ஏறும். நாய்க்கு அதற்கான தடுப்பூசி உண்டு. எல்லாக் கூட்டு ஊசியிலும் அது சேர்ந்திருக்காது, கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

உண்ணியைச் சொல்லாமல் விட்டால் வேலை அரைகுறை. தரையைப் பளிச்சென்று வைத்துவிட்டுச் சுவர் வெடிப்பை விட்டுவிடுவார்கள். தாய் உண்ணி நாயிலிருந்து இறங்கி அந்த வெடிப்பில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சிமெண்ட் பூசி அடையுங்கள். நாய் மேல் மண்ணெண்ணெய் தேய்க்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

இப்போது அம்மாவுக்குக் காலையில் பத்து நிமிட வேலை. கமுகம்பாளை விழும் சத்தம் கேட்டால் ஜிம்மி ஓடிப்போய்க் கடித்துக் கிழித்துவிடுகிறது என்பதுதான் அவளுக்கு இப்போதைய மனக்குறை. அதற்கு முந்திக்கொண்டு எடுத்து, விறகுப்புரையின் உத்தரத்தில் சொருகி வைத்திருக்கிறாள். போன தடவை எண்ணினேன், பதினொன்று இருந்தது.